எதிர்க்கட்சிக்கு ஒரு நற்சான்று

“தங்கம்னா தங்கம் மேடம், சொக்கத் தங்கம்!”

போனில் இதைச் சொன்னபோது மனிதவள மேலாளருக்கு நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த உதவியாளர் பெண்தான் வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயிலிருந்து யாரைப் பற்றியும் இப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை.

“நேரத்துக்கு வந்துடுவாரா சார்?” என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல். கணீரென்று, கறாரான குரல்.

“அவரைப் பார்த்துத்தான் நாங்க கடிகாரத்தையே சரி பண்ணுவோம்.”

பேச்சு, விற்பனைப் பிரிவில் இருக்கும் எதிர்க்கட்சியைப் பற்றி. அது அங்கே வேலை பார்க்கும் ஓர் இளைஞனுக்கு மேலாளர் வைத்த பெயர். அவர் ஒரு விதி போட்டால் அதில் அவன் ஓர் ஓட்டை கண்டுபிடிப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘மகிழ்ச்சி நேரம்’, எல்லோரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று அவர் அறிவித்தபோது, “சந்தோஷமா இல்லாதவங்களுக்கு அரை நாள் லீவு பிடிப்பீங்களா சார்?” என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டான். அன்றைக்கு எல்லோரும் நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது அந்த நேரத்தில்தான், மேலாளரைத் தவிர.

வேலையை விட்டுத் தூக்கவும் வழியில்லை. கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர்களைக்கூடப் பேசியே திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறான் என்று முதலாளிக்கு அவன்மேல் தனிப் பிரியம். அவனாகப் போனால்தான் உண்டு என்று மேலாளர் காத்துக்கிடந்தார். அப்போதுதான் வந்தது இந்த போன்.

“எங்க இடத்தைப் பத்தி இப்ப விவரமாச் சொல்ல முடியாது சார், தப்பா நினைக்காதீங்க” என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள் அந்தப் பெண். ரகசியமாக விசாரிப்பது மேலாளருக்குப் புதிதல்ல. அவரே எத்தனை பேரை இப்படிக் குடைந்திருக்கிறார்!

“நாங்க ரொம்பச் சின்ன இடம் சார். ஒருத்தரை எடுத்துட்டோம்னா அப்புறம் திருப்பி அனுப்புற பழக்கம் இல்ல. அதான் தீர விசாரிக்கிறோம்.”

திருப்பி அனுப்ப மாட்டார்கள்! மேலாளரின் காதில் தேன் பாய்ந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குங்க மேடம்.”

“எங்க பெரியவர் கொஞ்சம் முன்கோபி. எதிர்த்துப் பேசினா பிடிக்காது. அவரோட ஒத்துப்போவாரா?”

“எதிர்த்துப் பேசறதா? அதெல்லாம் அவருக்கு வரவே வராது. எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியா இருந்தாலும் ஒரே வாரத்துல வழிக்குக் கொண்டுவந்துடுவார். நான் பொறுப்பு!”

மறுமுனையில் யாரோ களுக்கென்று சிரித்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் அவசரமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“கடைசியா ஒண்ணு. அவர் எங்ககிட்ட வந்துட்டா உங்களுக்கு வருத்தமா இருக்காதா சார்?”

மேலாளர் பெருமூச்சு விட்டார். குரலை முடிந்தவரை தழுதழுக்க வைத்துக்கொண்டார். “இருக்காதா பின்னே? பெத்த பிள்ளையை அனுப்புற மாதிரிதான். ஆனா அவர் நல்லா இருக்கணும்ல?”

“ரொம்ப நன்றி சார். முடிவு பண்ணிட்டோம்.”

போனை வைத்ததும் உதவியாளர் பெண் கேட்டாள். “நம்ம எதிர்க்கட்சியையா சார் இப்படிச் சொன்னீங்க?”

“ஆமா.”

“இந்தப் புளுகு புளுகியிருக்கீங்களே, அவங்க பாவம் இல்லையா?”

“அது அவங்க தலையெழுத்தும்மா. கட்டிக்கிட்டு அழட்டும்!”

சாயங்காலம் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பினார். போகிற வழியில் எட்டிப் பார்த்தால், எதிர்க்கட்சியின் நாற்காலி காலி. மதியத்துக்கு மேல் லீவாம். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கேக் வாங்கினார். ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து அவனைத் திட்டித் தீர்த்து, மனைவி மகள் பொறுமையைச் சோதிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை. அதையும் கொண்டாட வேண்டாமா?

மாடிப்படி ஏறும்போதே வீட்டுக்குள்ளிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டன. ஒன்று மனைவியின் குரல், ஒன்று மகளுடையது. மூன்றாவது குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவர் யோசிப்பதற்குள் கதவு திறந்தது.

வாசலில் மனைவி. அவளுக்குப் பின்னால் மகளும், அவர் இதுவரை பார்த்திராத அவளுடைய தோழி ஒருத்தியும்.

“சாரி அங்கிள்” என்றாள் தோழி, கணீரென்று.

மேலாளர் திகைத்தார். “போன்ல பேசினது நீயாம்மா? உங்க கம்பெனிக்குத்தான் ஆள் எடுக்கறீங்களா?”

“கம்பெனியா?” என்றாள் மனைவி. “பையன் வேலை பார்க்கிற இடத்துல விசாரிக்காம பொண்ணு கொடுக்க மாட்டேன்னு நீங்கதானே சொல்லுவீங்க? விசாரிச்சாச்சு. அத்தனையும் நானும் இவளும் பக்கத்துல இருந்து கேட்டோம்.”

மகள் வெட்கத்தோடு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மேலாளரின் கையிலிருந்த கேக் பெட்டி சாய்ந்தது. அது தரையைத் தொடுவதற்குள், உள்ளறையிலிருந்து ஓடிவந்த ஓர் இளைஞன் பாய்ந்து தாங்கிப் பிடித்தான். ஆபீஸில் ஒரு நாளும் காட்டாத பணிவோடு அவரைப் பார்த்துச் சிரித்தான்.

“வாசல்லயே நிக்கறீங்களே மாமா, உள்ள வாங்க.”