ஏரியில் எடுத்த ரோல்

சவுனாவின் ஒற்றை ஜன்னலுக்கு மேல் ரெய்னோ கறுப்புத் தார்ப்பாயை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் போகக் கூடாது.

எல்மா காப்பிக் கோப்பையோடு பனியில் நின்று பார்த்தாள்.

"ஆவி பிடிச்சுக் குளிக்கிற இடம் இது. இங்க போய் மருந்தக் கொட்டப் போறியா? சனிக்கிழமை நான் எங்க குளிக்கிறதாம், ஏரியிலயா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு பேருமே ஏரிப் பக்கம் திரும்பவில்லை.

நான்கு குளிர்காலத்துக்கு முன்னால், அந்த ஏரியின் உறைந்த மேல்பரப்பு உடைந்துதான் அவர்களுடைய ஒரே மகள் சைமா உள்ளே போனாள். அப்பாவோடு மீன் பிடிக்கப் போன நாள். பனிக்கட்டி மேல் நிறுத்திய மரக் கூண்டில், அடுப்புச் சூட்டில் ரெய்னோ கண்ணசந்திருந்தான்.

ஒரு சிகரெட் நேரம்தான். ஷெரிஃபிடம் அப்படித்தான் சொன்னான். எல்மாவிடமும் சொன்னான். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை.

கூண்டில் மிஞ்சியது மகளின் கேமராப் பை. அதில் அவள் அன்று எடுத்து முடித்த ஒரு ஃபிலிம் ரோல்.

அதில் அவன் இருப்பான். துளை போடுகிறவனாக, தூண்டில் இழுக்கிறவனாக, விழித்திருக்கிறவனாக. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டால் போதும்.

"விட்டுடு ரெய்னோ. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"நாலு வருஷமா இதையேதான் சொல்ற."

"கடையில கொடுக்காதன்னேன். அதுக்காக நீயே கழுவப் போறியா? மீன் செதில் சீவுற கைய வச்சுக்கிட்டு?"

"இருட்டுல துப்பாக்கியையே கழட்டி மாட்டுவேன். இது ஒரு டப்பா."

அவள் சிரிக்கவில்லை.

மேல் பலகையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர். மூடிப்போன பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கியது. கீழ்ப் பலகையில் மருந்து ஊற்ற மூன்று தட்டுகள். அடுப்புக்கு மேல் சிவப்பு பல்ப். பிரிண்ட் போடும்போது சிவப்பு வெளிச்சம் இருக்கலாம், ஃபிலிம் கழுவும்போது அதுவும் ஆகாது என்று புத்தகத்தில் இருந்தது.

பையிலிருந்து ரோலை எடுத்தான். ஃபிலிமின் நுனி நாக்கைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்து முடித்த ரோல் முழுக்க உள்ளே சுருண்டிருக்கும், மூடியைப் பிடுங்க வேண்டும் என்று புத்தகம் பயமுறுத்தியிருந்தது. அந்த வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டான்.

கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் செருகி, பல்பை அணைத்தான். இருட்டில் ஃபிலிமை டப்பாவின் சுருளில் ஏற்றினான். இரண்டு தடவை சிக்கியது, மூன்றாவது தடவை சுற்றிக்கொண்டது. டப்பாவை மூடி, அடுப்பில் சூடாக்கிய நீரில் கலந்த டெவலப்பரை ஊற்றினான். பிறகு படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ. பிறகு தண்ணீர்.

விளக்கைப் போட்டு ஃபிலிமை உருவினான்.

கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒன்றுமில்லை. ஓரத்தில் அச்சடித்த எண்கள் மட்டும்.

எல்மா கதவைத் திறந்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் ஃபிலிம் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாம் போச்சு. மருந்த மாத்தி ஊத்திட்டேன் போல இருக்கு. அவ விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான், இதையும் நானே..."

"நீ எதையும் கெடுக்கல."

"மத்த நேரமெல்லாம் முழிச்சுதான் இருந்தேன் எல்மா. ரெண்டு மீன் இழுத்தேன். அவ படம் பிடிச்சா. இதுல இருந்துச்சு. இனிமே நீ எப்படி என்னை நம்புவ?"

எல்மா தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

"இது புது ரோல். நான் வாங்கிப் பையில போட்டது. அவ எடுத்தத அந்த வாரமே வெளியூர்ல கொடுத்துக் கழுவி வாங்கிட்டேன்."

அவன் ஃபிலிமைத் தரையில் வைத்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுல நான் இருக்கேனா?"

அவள் நான்கு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இருக்க. வெயில் ஏறுறப்பவும் இருக்க, வெயில் சாயுறப்பவும் இருக்க. எல்லாத்துலயும் தூங்கிட்டிருக்க."