கேப்டன் சாய்ந்த சுவர்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் வெறும் பல்லி. துறைமுகத் தெருக் கிணற்றின் இடுக்கில் பிறந்தவள்.

அந்தக் காலத்தில் கம்பெனி வெள்ளைக்காரர்கள் முதலில் குடியேறிய தெருக்களைக் காட்ட ஒரு வழிகாட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களை நடத்திக் கூட்டி வருவார். அவர் நின்று பேசாத இடத்தை நகராட்சி விட்டுவைக்காது.

"உன்னிடம் எந்தத் துரை வந்தார்?" என்று ஒருநாள் கிணற்றைக் கேட்டார்.

"துரையா? நெசவுக்காரப் பெண்கள் சாய நூல் அலசினார்கள் ஐயா."

வழிகாட்டி கொட்டாவி விட்டார்.

"ஒரு துரை தண்ணீர் குடித்தார் என்று சொல்லேன் அக்கா," என்று கிணற்றிடம் கெஞ்சினேன்.

"குடிக்கவில்லையே, எப்படியடி சொல்வேன்?"

பக்கத்துச் சுவர் முந்திக்கொண்டது. "என்மேல் கேப்டன் சாய்ந்து சுருட்டுப் பிடித்தார் ஐயா!"

அந்தச் சுவரைக் கட்டியதே என் அம்மா காலத்தில்தான். ஆனாலும் எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மழைக்கு முன்பே கிணற்றை மண் போட்டு மூடினார்கள். கடைசிக் கூடை விழும்வரை அக்கா அந்த நூல்களின் நிறங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் சுவருக்கு ஓடினேன். அதில் இப்போது கேப்டனுடைய படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதற்கு வெள்ளையடிக்க வந்தவன் துடைப்பத்தை ஓங்கி, "நீ எந்த இடத்துப் பல்லி?" என்றான்.

கேப்டனுடைய படத்துக்குப் பின்னால் பிறந்தவள் என்று சொல்லிவிட்டேன்.