ஏழாவது கட்டம்

தொண்ணூற்றாறு மணி நேரமாக அவள் முதுகில் தண்ணீர் படவில்லை. முதல் இரண்டு நாள், பன்னிரண்டு சாயங்கள் தடவிய பட்டை ஒட்டியிருந்தது. அதை உரித்த பிறகு பேனாவால் வரைந்த கட்டங்கள் மட்டும் இருந்தன. அவையும் அழியக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"பஸ்ஸுல உன் பக்கத்து சீட்டு மட்டும் காலியாவே வந்துச்சு, கவனிச்சியா?" என்றாள் கூட வந்திருந்த அக்கா. "நாலு நாள் வாசனை."

அவள் மடியில் இருந்த கம்பெனிச் சீட்டை நான்காக மடித்தாள்.

கருநீலச் சீருடை ஆர்டர் வந்ததிலிருந்து தையல் பிரிவில் எல்லோருக்கும் இந்தத் தோல் சோதனை. சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் எழுதினால் வேலை இல்லை. வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அது.

"அரிக்குதாடி?"

"இல்லக்கா. மரத்த மாதிரி இருக்கு."

"ஒண்ணும் ஆகாது. உன் தோலைப் பத்தி எனக்குத் தெரியாதா? கொசு கடிச்சாக்கூடத் தடிக்காது."

"தையல் பிரிவு, நூத்திப் பதினாலு!" நர்ஸ் கூப்பிட்டாள்.

இருவரும் எழுந்தார்கள். அக்கா உடனே உட்கார்ந்துகொண்டாள்.

திரைக்குப் பின்னால் அவள் சுவரைப் பார்த்து நின்றாள். டாக்டரம்மாவின் விரல் ஒவ்வொரு கட்டமாகத் தடவி இறங்கியது. ஏழாவதில் நின்றது. விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"கொப்பளமே வந்திருக்கேம்மா. கருநீலம். ராத்திரி எப்படித் தூங்கின?"

"குப்புறப் படுத்தேன்."

"வந்து சொல்லியிருக்கலாம்ல?"

சுவரில் ஒரு ஆணி இருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"இந்தச் சாயத் துணிய உடுத்துறதும் உண்டா?"

"மிச்சத் துணியில தச்ச பாவாடை. வீட்டுல அதான்."

"இடுப்புல அரிச்சிருக்குமே?"

"வேர்வைன்னு நினைச்சேன்."

"இனிமே அந்தத் துணி பக்கமே போகக் கூடாது. கம்பெனிக்கு எழுதிடுறேன்." டாக்டரம்மா மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தினார். "எங்க, கையக் காட்டு."

நீட்டினாள். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அதிசயமா இருக்கே. ஒரு பொட்டு சாயத்துக்கே முதுகு இந்தப் பாடு படுது. பகல் பூரா அதத் தொட்டுத் தைக்கிற கை பூ மாதிரி இருக்கு. எத்தனை வருஷமாம்மா அங்க தைக்கிற?"

அவள் ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

"நீங்க எழுதினா வேலை போயிடுமா டாக்டர்?"

"போனாப் போகட்டும். உன் உடம்புக்குத்தானே சொல்றேன்?"

"நான் அங்க வேலையே பாக்கல டாக்டர். பாக்குறது, வெளிய உக்காந்திருக்குற எங்க அக்கா."