எந்த மாவு?

“அழணும்னு அவசியமில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும்,” என்றாள் அக்கா, காரை நிறுத்திக்கொண்டே.

பக்கத்தில் இருந்த தங்கை தலையாட்டினாள்.

அக்கா வக்கீல். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் நிலைகுலைந்து போவார் என்பதால் வீட்டில் அவளுக்குப் ‘பீரங்கி’ என்று பேர். மரபணு மாற்றிய கோதுமை கடைக்கு வந்த நாளிலிருந்து, மாவுப் பாக்கெட்டில் அதை வெளிப்படையாக எழுதவேண்டும் என்று மேடை மேடையாக முழங்கிக்கொண்டிருந்தாள். இன்று அரசுக் குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது.

வேறு ஊரில் இருக்கும் தங்கை போன வாரம்தான் போனில் சொன்னாள், மகன் ரொட்டி சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று. அக்கா பதறிப்போனாள். பதறிய அதே மூச்சில், குழுவின் முன்னால் வந்து பேசமுடியுமா என்றும் கேட்டுவிட்டாள். போனை வைத்த பிறகு மனசு உறுத்தியது. பிள்ளை படுத்திருக்கும்போது கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவன் தேறியதும், அவனை அவன் அப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தங்கை கிளம்பி வந்துவிட்டாள்.

வழியில் “அக்கா, ஒரு விஷயம்...” என்று இரண்டொரு தடவை ஆரம்பித்தாள். எதுவானாலும் அங்கே சொல், இங்கேயே சொல்லித் தீர்த்துவிட்டால் அங்கே பேச்சில் உயிர் இருக்காது என்று அக்கா அடக்கிவிட்டாள்.

கூட்டத்தில் உட்கார இடமில்லை. மாவு ஆலையின் மேலாளர் முதலில் பேசினார். சமையலில் பழைய கோதுமைக்கும் புதியதற்கும் வித்தியாசமே கிடையாது, இரண்டுக்கும் ஒரே பாக்கெட் போதும், தனியாக எழுதினால் ஜனங்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்றார். புதிய கோதுமையால் இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா காத்திருந்தாள்.

“நல்ல சரக்குன்னா எதுக்குங்க மூடி மறைக்கணும்? நான் என்ன சாப்பிடறேன்னு எனக்குத் தெரியவேண்டாமா?” என்று ஆரம்பித்தவள், கைதட்டல் அடங்கியதும் தங்கையின் தோளைத் தொட்டாள். “யாருக்கும் எதுவும் ஆகலைன்னு சொன்னீங்க. இவ என் கூடப்பிறந்தவ. இவ சொல்றதையும் கேளுங்க.”

தங்கை மைக்கை வாங்கிக்கொண்டாள். கடையில் எப்போதும் வாங்கும் அதே மாவு, அதே ஆலை, அதே பாக்கெட் என்றாள். ஆசையாக இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கித் தின்ற பிள்ளை, கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதைச் சொன்னாள். அவனைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடியதைச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலாளர் குனிந்த தலை நிமிரவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று அக்காவுக்குத் தெரிந்தது. பிள்ளை பட்ட பாட்டில் ஜெயிக்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

குழுத் தலைவர் தணிந்த குரலில் கேட்டார்: “அது மரபணு மாத்தின மாவுதான்னு எப்படிம்மா தெரியும்? பாக்கெட்டில்தான் எழுதலையே?”

பதில் சொல்ல அக்கா எழுந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அது மாத்தினது இல்லைங்க, பழைய மாவு. இத்தனை நாளும் அதே பாக்கெட்டில் புதுசு வந்திருக்கு, இந்தத் தடவை பழசு வந்திடுச்சு. ஆஸ்பத்திரியில் சோதிச்சுச் சொல்லிட்டாங்க. சாதாரணக் கோதுமையில் இருக்கிற ஏதோ ஒண்ணு என் பிள்ளைக்கு விஷம், அதை எடுத்துட்டு உண்டாக்கின புதுக் கோதுமை மட்டும்தான் அவனுக்கு ஒத்துக்குது. எந்தப் பாக்கெட்டில் அது இருக்குன்னு எழுதிடச் சொல்லுங்க ஐயா, நான் பார்த்து வாங்கணும்.”