கடைசி இரண்டு அறைகள்

"மேடம், உங்க பையன் அலறுறான்னு பக்கத்து ரூம்ல புகார். காலி பண்ணிடுங்க."

கடற்கரை விடுதி மேனேஜர் கையைப் பிசைந்தார்.

"ஆட்டிசம் சார். சத்தம் தாங்கமாட்டான். எத்தனை இடம் தேடி இங்க வந்தோம்! அலைச் சத்தம் பழகிட்டா அடங்கிடுவான். இன்னும் கடல்ல காலே நனைக்கலை."

"அமைதி கேக்கறவங்களுக்குத்தான் அந்தக் கடைசி ரெண்டு ரூமையும் குடுக்கறோம். அவங்களும் அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"புகார் சொல்றது சுலபம். இப்படி ஒரு புள்ளையை வளர்த்துப் பாக்கச் சொல்லுங்க, தெரியும்!"

கணவர் பெட்டியைத் தூக்கினார். மகனின் காதுகளைப் பொத்தியபடியே அவள் வராந்தாவுக்கு வந்தாள்.

பக்கத்து அறை திறந்திருந்தது. உள்ளே, சுவரோரம் சுருண்டு நடுங்கிய மகளின் காதுகளை ஒருத்தி இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள இருவருக்குமே கை ஒழியவில்லை.