ஆபீஸ் மாப்பிள்ளையின் கண்ணீர்

சாப்பாட்டுத் தட்டில் பொலபொலவென்று கண்ணீர் விழுந்தது. மாப்பிள்ளை இடது கையால் துடைத்தான். துடைக்கத் துடைக்க இன்னும் கொட்டியது.

"என்னங்க, ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?" மனைவி பதறிப்போனாள்.

"சேச்சே! நாள் பூரா கம்ப்யூட்டரையே பாத்துட்டிருந்தேன்ல, அதான்."

எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். மாப்பிள்ளை தட்டின் மேல் குனிந்துகொண்டான்.

கம்ப்யூட்டராவது மண்ணாங்கட்டியாவது! ஆபீஸில் அவன் சீட்டு கிழிந்து நாலு மாதம் ஆகிறது. தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்புவான், நூலகத்தில் உட்கார்ந்து பேப்பரை வரி விடாமல் படிப்பான். மதியமானால் சமுதாயக் கல்லூரிக்குப் போய் டையைக் கழற்றிவிட்டுத் தோல் கையுறையை மாட்டிக்கொள்வான். வெல்டிங் படிப்பு, மதிய பேட்ச்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அவன் ஒட்டிய இரும்புத் தகட்டை மெஷினில் வைத்து வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விடாவிட்டால் வேலை நிச்சயம். அந்த உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டில் வாயைத் திறப்பது என்று இருந்தான்.

அதற்கு முன்னால் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். மாமனார் லேசுப்பட்ட ஆளா என்ன? பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "என் மாப்பிள்ளை கையில அழுக்குப் படாத வேலை பாக்கறார்" என்று கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். ரிட்டயராகியும் அந்த மிடுக்குக் குறையவில்லை. வெயில் கொளுத்தினாலும் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, கனத்த ஷூ சகிதமாகத்தான் காலையில் வாக்கிங் போவார். பதினோரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்புவார்.

இன்றைக்கு நடந்தது இதுதான். இரண்டு தகடுகள் நகராமல் இருக்க முதலில் அங்கங்கே ஒரு பொட்டு வெல்டிங் வைக்க வேண்டும். ரெண்டே ரெண்டு பொட்டுதானே என்று சோம்பேறித்தனப்பட்டு, முகமூடியை இறக்காமலே வைத்துவிட்டான். அந்த வெளிச்சம் பொல்லாதது. உடனே வலிக்காது, ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

"எந்திரிங்க, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்." மனைவி வண்டிச் சாவியைத் தேடினாள்.

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் கண்ணைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வியே 'வெல்டிங் பட்டறையா?' என்றுதான் இருக்கும்.

"ஐயோ, வேணாம்மா! தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்."

"சும்மா இருங்க. கண்ணு கோவைப்பழமா இருக்கு, தூங்கறாராம்!"

"நீ ஒரு சுத்தமான துணியை ஐஸ் தண்ணில நனைச்சுக் கொண்டா, போ. நான் பாத்துக்கறேன்" என்று மகளை அடுப்படிக்கு விரட்டினார் மாமனார். அவள் தலை மறைந்ததும் நாற்காலியை இழுத்து மாப்பிள்ளையின் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மணலை வாரிப் போட்ட மாதிரி உறுத்துதா?"

"ஆமா மாமா."

"லைட்டைப் பாத்தா கூசுதா? மதியம் ஒண்ணும் தெரியலை, இப்பதான் ஆரம்பிச்சுதா?"

"ஆ... ஆமா."

"அப்ப இது கம்ப்யூட்டர் இல்லை."

போச்சு, குட்டு உடைந்துவிட்டது! நாலு மாத நாடகமும் சோற்றுத் தட்டின் முன்னாலேயே முடிந்தது.

"மாமா... வெள்ளிக்கிழமை வரைக்கும்... அவகிட்ட மட்டும்..." என்று இழுத்தான். மீதிக்குக் கண்ணீர்தான் வந்தது. இந்தத் தடவை அதில் பாதி நிஜ அழுகை.

மாமனார் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேனேஜர் மிடுக்கெல்லாம் போன இடம் தெரியாமல், அவன் காதோரம் குனிந்தார்.

"என்னையும் காட்டிக் குடுத்துடாதீங்க மாப்பிள்ளை, நான் காலை பேட்ச்!"