கடைசிக் குமிழி

பெண் பார்க்கக் கிளம்பிய சந்தானத்தின் கார் மலையடிவாரத்திலேயே கொதித்து நின்றுவிட்டது. கசிந்த குழாய்க்குப் புதுக் கிளிப் போட்ட மெக்கானிக் ஜெயசீலன், இன்ஜின் ஆறியபின் காரை மேட்டில் மூக்கு நிமிர நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். இன்ஜினை ஓடவிட்டதும் குமிழிகள் கிளம்பின.

"உள்ளே சிக்கின காத்துன்னா கொஞ்ச நேரத்துல நின்னுடும். நிக்கலேன்னா கேஸ்கட் போச்சு, வண்டி மலை ஏறாது. காத்து வெளியேற ஹீட்டரை முழுசா வைக்கணும், பின்சீட்டுல இருக்கிற அம்மாவை இறங்கச் சொல்லுங்க."

சந்தானம் பின்கதவைத் திறந்தான். அத்தை கோமளவல்லி அசையவில்லை.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பிட்டு நடுவழியில இறங்குவாங்களாடா? போடு ஹீட்டரை."

"வெந்துடுவீங்க, அத்தை."

"நாப்பது வயசுல இப்பதான் ஒருத்தி உன்னை வரச் சொல்லியிருக்கா. நான் வெந்தா பரவாயில்லை."

சித்திரை வெயிலில் ஹீட்டர் சீறியது. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டாள். குமிழிகள் குறையத் தொடங்கியபோது கைபேசி ஒலித்தது; பெண்ணே பேசினாள். சந்தானம் தயங்கித் தயங்கி நிலவரத்தைச் சொன்னான்.

"ஹீட்டரைப் போட்டீங்களா?" என்றாள் அவள்.

சந்தானத்துக்கு மலையே சற்றுத் தாழ்ந்துகொடுத்ததுபோல் இருந்தது. "போட்டாச்சு. அத்தை உள்ளேதான் இருக்காங்க."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "அவங்களுக்கு மோர் எடுத்து வைக்கிறேன். குமிழி நிக்குதான்னு பாருங்க, லைன்லயே இருக்கேன்."

அவன் கைபேசியை ரேடியேட்டரின் வாயருகே பிடித்தான். ஒரு குமிழி மெல்ல எழுந்து உடைந்தது. ஜெயசீலன் 'பொறுங்க' என்பதுபோல் விரலை உயர்த்தினார்.

"நின்னுதாடா?" என்றாள் அத்தை.

இருவரும் ரேடியேட்டரின் மேல் குனிந்து அடுத்த குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். தண்ணீரின் மேல் தெரிந்த ஒரு துண்டு வானம், இன்னும் உடையாமல், நடுங்கிக்கொண்டிருந்தது.